பச்சிரிசு வாங்கிய அடி

2014 ஆகஸ்ட், வாஷிங்டன். போக்கிமான் உலகச் சாம்பியன்ஷிப்பின் வீடியோ கேம் பிரிவு இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தென்கொரியாவின் சே ஜுன் பார்க், இன்னொரு பக்கம் அமெரிக்காவின் ஜூடி அசரெல்லி. பார்க்கின் அணியில் பச்சிரிசுன்னு ஒரு வெள்ளை மின்சார அணில். கதைப் பகுதியை ஆடும்போது பிடிச்சு, பெட்டியில் போட்டுட்டு மறந்துபோற வகை. அசரெல்லியின் ஹைட்ரெய்கன், மூணு தலை டிராகன், டிராகோ மீட்டியரை இறக்கியது. பலம் 130 உள்ள தாக்குதல். அதைப் பச்சிரிசு வாங்கிக்கிட்டு நின்னது. அரங்கமே கத்தியது. பார்க் சாம்பியன் ஆனார்.

அதுக்கப்புறம் இந்தக் கதை ஊரெல்லாம் பரவினது ஒரு நீதிக்கதையா. "பலம் முக்கியமில்ல, பிடிச்ச போக்கிமானை நம்பி ஆடினா ஜெயிக்கலாம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. நானும் நம்பினேன். பச்சிரிசை என் அணியில் சேர்த்து, ஷோடவுன் என்கிற இலவச இணைய சிமுலேட்டரில் ஆட ஆரம்பிச்சேன். தோற்றேன். அணியை மாத்தாம திரும்பத் திரும்ப ஆடித் தோற்றேன். ஏன் தோற்றேன்னு புரிய ரொம்ப நாள் ஆச்சு. புரிஞ்சப்போ, அந்த இறுதி ஆட்டத்தை எல்லாரும் தப்பா படிச்சிருக்கோம்னு தோணிச்சு. இந்தக் குறிப்பு அதைப் பத்தித்தான்.

முதல்ல விதிகள், ஆடாதவர்களுக்காக. போட்டி ஆட்டம் டபுள்ஸ் முறை. கதைப் பகுதியில் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மோதும். இங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் நாலு போக்கிமான் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். ஆறு பேர் கொண்ட அணியோட வரணும். எதிராளியின் ஆறையும் பார்த்துட்டு, உங்க ஆறில் நாலைத் தேர்ந்தெடுக்கணும். எல்லாமே லெவல் 50. ஒவ்வொரு டர்னிலும் இரண்டு பேரும் ரகசியமா, ஒரே நேரத்தில் கட்டளை கொடுப்பாங்க. அப்புறம் வேகம் அதிகமானது முதலில் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு மூவ்தான்.

இந்த விதிகளில் எங்கேயும் எழுதாத ஒரு விஷயம் இருக்கு. ஒரு டர்னுக்கு உங்களுக்கு இரண்டு வாய்ப்பு, எதிராளிக்கு இரண்டு வாய்ப்பு. ஆட்டத்தில் செலவழிக்கக் கிடைக்கிற பணம் இதுதான். ஹெச்பி கூட இதுக்குக் கீழேதான். ஒரு போக்கிமானை வீழ்த்துறது ஏன் நல்லது? அது அதுக்கப்புறம் அடிக்காது, அதனால. எதிராளியின் வாய்ப்பை வீணாக்குற எதுவும், அடிக்காமலேயே அடிச்ச மாதிரி.

இதைப் புரிஞ்சுக்க புரொடெக்ட்டைப் பார்த்தால் போதும். ஒரு டர்ன் முழுக்க உங்க போக்கிமான் ஒண்ணும் செய்யாது, அதன் மேல் விழும் தாக்குதலும் ஏறக்குறைய எதுவும் பலிக்காது. கதைப் பகுதியை மட்டும் ஆடினவர்களுக்கு இது தண்டமான மூவ். நானும் சின்ன வயசில் அப்படித்தான் நினைச்சு, நாலு இடத்திலும் அடிக்கிற மூவையே நிரப்பி வெச்சிருந்தேன். ஒன்றுக்கு ஒன்று ஆட்டத்தில் அது ஓரளவு சரிதான்: என் ஒரு வாய்ப்பைக் கொடுத்து அவன் ஒரு வாய்ப்பைத் தடுக்கிறேன், கணக்கு நேர். டபுள்ஸில் அப்படி இல்லை. எதிராளி இரண்டு பேரையும் என் ஒரே போக்கிமான் மேல ஏவினான்னு வைங்க. நான் அதுக்கு புரொடெக்ட் கொடுத்திருந்தா, அவன் இரண்டு வாய்ப்பும் போச்சு. என்னுது ஒண்ணுதான் போச்சு. பக்கத்தில் நிக்கிற என் இன்னொருத்தன் எந்தத் தொந்தரவும் இல்லாம ஒரு அடி அடிச்சுட்டான்.

அப்போ எப்பவுமே புரொடெக்ட் கொடுத்துடலாமேன்னா, அது நடக்காது. அடுத்தடுத்த டர்னில் கொடுத்தா இரண்டாவது தடவை பலிக்க மூணில் ஒரு பங்கு வாய்ப்புதான். தவிர, எதிராளியும் மனுஷன்தானே. இவன் இடது பக்கத்தைக் காப்பாத்துவான்னு ஊகிச்சு, இரண்டு அடியையும் வலது பக்கம் போட்டுடுவான். அவன் அப்படி ஊகிப்பான்னு நான் ஊகிக்கணும். இந்தச் சுழலுக்கு முடிவு கிடையாது. இந்த மாதிரி ஆட்டங்களில் ஒரே பதிலைப் பிடிச்சுக்கிட்டு இருப்பவன் தோற்பான், பதில்களை ஒரு விகிதத்தில் கலந்து ஆடணும்னு ஃபான் நாய்மன் 1928இலேயே கணிதமா நிறுவிட்டார். சீட்டு விளையாட்டுல பிளஃப் பண்ணுறவங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், அது வேற விஷயம்.

சரி, பச்சிரிசுக்கு வருவோம். அதன் அடிப்படை எண்கள்: ஹெச்பி 60, தாக்குதல் 45, தற்காப்பு 70, சிறப்புத் தாக்குதல் 45, சிறப்புத் தற்காப்பு 90, வேகம் 95. கூட்டினா 405. பார்க்கின் அணியிலேயே இருந்த கியாரடோஸுக்கு 540, மெகா உருவத்துக்கு மாறினால் 640. ஆக, பச்சிரிசு அடிச்சா வலிக்காது. ஆனா பார்க் அதுக்குக் கொடுத்திருந்த நாலு மூவைப் பாருங்க: ஃபாலோ மீ, நஸ்ஸில், சூப்பர் ஃபேங், புரொடெக்ட். இதில் எதுக்குமே தாக்குதல் எண் பெரிசா தேவையில்லை. சூப்பர் ஃபேங் எதிரியின் அப்போதைய ஹெச்பியில் சரிபாதியை எடுக்கும், அடிக்கிறவன் குழந்தையா பயில்வானான்னு பார்க்காது. நஸ்ஸில் சும்மா உரசும், ஆனா பட்டா கட்டாயம் பக்கவாதம். அந்தக் காலத்து விதிப்படி பக்கவாதம் வந்தா வேகம் கால் பங்காயிடும்.

முக்கியமானது ஃபாலோ மீ. அந்த டர்னில் எதிராளி பக்கத்து ஆளைக் குறிவைத்து அனுப்பும் தாக்குதல்களைத் தன் மேல் இழுத்துக்கும். இரண்டு எதிரியும் கியாரடோஸைக் குறிவெச்சாலும் இரண்டும் பச்சிரிசு மேல வந்து விழும். (ராக் ஸ்லைட், ஹீட் வேவ் மாதிரி இரண்டு பேர் மேலயும் பரவுற தாக்குதல்களை இழுக்க முடியாது. அதனாலதான் அந்த மாதிரி மூவ்களுக்கு டபுள்ஸில் மரியாதை. இரண்டு பேரைத் தாக்கும்போது ஒவ்வொருத்தர் மேலயும் முக்கால் பங்கு பலம்தான் விழும், ஆனாலும்.)

இப்போ அந்த டிராகோ மீட்டியரின் கணக்கைப் போட்டுப் பாருங்க. அந்த மூவுக்கு ஒரு விலை உண்டு: போட்டவனின் சிறப்புத் தாக்குதல் உடனே இரண்டு படி இறங்கும், அதாவது பாதியாயிடும். ஒரு முக்கியமான ஆளை வீழ்த்தினா அந்த விலை நியாயம். பச்சிரிசு மேல விழுந்தால்? அசரெல்லி ஒரு வாய்ப்பைச் செலவழிச்சார், ஹைட்ரெய்கனின் பலத்தில் பாதியையும் செலவழிச்சார், பதிலுக்கு அந்த அணில் கூட விழலை. பச்சிரிசு கையில் சிட்ரஸ் பெர்ரி வேற. ஹெச்பி பாதிக்குக் கீழே போனா கால் பங்கைத் திருப்பித் தந்துடும். கூட நின்னவன் மேல ஒரு கீறல் இல்லை. "தாங்கிடுச்சு!"ன்னு கத்தினாங்க. அது தாங்கினதை விட, அந்த அடி தன் மேல வந்து விழும்படி செஞ்சதுதான் பெரிய விஷயம்.

அதுக்கும் ஏன் பச்சிரிசு? ஃபாலோ மீ தெரிஞ்ச வேற ஆட்களும் உண்டு. பதில் பார்க்கின் மத்த ஆட்களிடம் இருக்கு. கியாரடோஸ் தண்ணீர், பறவை இரண்டு டைப்பும் சேர்ந்தது. மின்சாரம் பட்டா நாலு மடங்கு வலிக்கும். டேலன்ஃபிளேம் நெருப்பு, பறவை. அதுக்கும் மின்சாரம் இரண்டு மடங்கு. அந்த வருஷம் மின்சாரம் வீசும் ரோட்டம் வகைகள் எங்கே பார்த்தாலும் இருந்தன. பச்சிரிசின் திறன் வோல்ட் அப்சார்ப்: மின்சாரம் பட்டா வலிக்காது, மாறாகக் கால் பங்கு ஹெச்பி கூடும். ஃபாலோ மீயோட சேர்த்துப் பாருங்க. கியாரடோஸுக்குன்னு அனுப்பின தண்டர்போல்ட் பச்சிரிசுக்குச் சாப்பாடாயிடும். எதிராளி கையில் இருக்கும் சரியான ஆயுதத்தையே அவன் எடுக்கப் பயப்படணும். 2014 விதிப்படி கேலோஸ் பட்டியலில் இருந்த போக்கிமானை மட்டும்தான் கொண்டுவர முடியும். அந்தப் பட்டியலுக்குள்ள இந்த ஓட்டைக்கு இவ்வளவு சரியா பொருந்துற அடைப்பு வேற இல்லைன்னுதான் நினைக்கிறேன். பார்க்குக்கு அதைப் பிடிச்சிருக்கலாம். ஆனா ஜெயிச்சது பாசத்தால இல்லை.

இப்போ என் அணியைச் சொல்றேன், சிரிக்கலாம். பச்சிரிசு கூட நான் அதிகம் இறக்கினது டிரானிடார், கார்சோம்ப், ஏஜிஸ்லாஷ். மூணும் பெரிய பேர். டிரானிடார் உள்ளே வந்த உடனே மணல் புயல் கிளம்பும். பாறை, நிலம், எஃகு டைப்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது. மத்தவங்களுக்கு ஒவ்வொரு டர்ன் முடிவிலும் பதினாறில் ஒரு பங்கு ஹெச்பி போகும். என் நாலு பேரில் புயலில் அடிவாங்கினது பச்சிரிசு மட்டும்தான். கார்சோம்ப்பின் எர்த்க்வேக் பக்கத்தில் நிக்கிற நம்ம ஆளையும் சேர்த்து அடிக்கும். மின்சார டைப்புக்கு நிலத் தாக்குதல் இரண்டு மடங்கு. ஆக, எதிராளி தொடாமலேயே நானே என் அணிலைக் கொன்னுக்கிட்டு இருந்தேன். இதில் உச்சம், அது மின்சாரத்திலிருந்து காப்பாத்த வேண்டிய ஆள் யாருமே அங்கே இல்லை. கார்சோம்ப் நில டைப், மின்சாரமே படாது. ரோட்டம் எதிரில் வந்தப்போ என் ஃபாலோ மீக்கு வேலையே இல்லாம போச்சு. (கார்சோம்ப் பக்கத்தில் மெகா ஆகாத கியாரடோஸ் நின்னா எர்த்க்வேக் அதைத் தொடாது, பறக்குதே. இது தெரிஞ்சப்போ வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.)

கேரம் டபுள்ஸ் ஆடினவங்களுக்கு இது உடனே புரியும். எதிரில் உட்கார்ந்திருக்கிற கூட்டாளிக்குக் காயை எங்கே விட்டு வைக்கிறோம்ங்கிறது, நாம எத்தனை போட்டோம்ங்கிறதுக்குச் சமம்.

வேகத்துக்கும் இதே கணக்குதான். லெவல் 50இல் முழுப் பயிற்சியும் சாதகமான சுபாவமும் சேர்ந்தா கார்சோம்ப்பின் வேகம் 169, அடிப்படை வேகம் 100 உள்ளவர்களுக்கு 167, ஹைட்ரெய்கனுக்கு 165. இந்த இரண்டு புள்ளி வித்தியாசத்துக்காக ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்குவோம். ஆனா பக்கத்து ஆள் டெயில்விண்ட் போட்டா நாலு டர்னுக்கு நம்ம பக்கத்து வேகம் இரட்டிப்பு. மந்தமான டிரானிடார் கூட 113இலிருந்து 226க்குப் போயிடும். டிரிக் ரூம் போட்டா ஐந்து டர்னுக்கு வரிசையே தலைகீழ், மெதுவானது முதலில். அடிப்படை வேகம் வெறும் 20 உள்ள டோர்கோல் ஆமை, ஹெச்பி முழுசா இருக்கும்போது பலம் 150 உள்ள இரப்ஷனை இரண்டு பேர் மேலயும் கொட்டும். கதைப் பகுதியில் அதன் குறை எதுவோ அதுவே இங்கே தகுதி. எதிராளியின் டிரிக் ரூமை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கேட்டா, பெரும்பாலும் அடிச்சு இல்லை. புரொடெக்ட், ஆளை மாத்துறது, மறுபடி புரொடெக்ட்னு அந்த ஐந்து டர்னைக் கரைக்கிறது. போட போன வாய்ப்பும் வீண், வாங்கின டர்ன்களும் வீண்.

நான் சொல்றது பச்சிரிசு ஒண்ணுக்கு மட்டும்னு நினைச்சா, இன்சினிரோரைப் பாருங்க. 2016இல் சன், மூன் விளையாட்டுகளோட வந்த நெருப்புப் புலி. 2018இல் அதுக்கு இன்டிமிடேட் திறன் கிடைச்ச பிறகுதான் அதன் காலம் ஆரம்பிச்சுது. களத்தில் நுழைஞ்சாலே எதிரில் இருக்கும் இரண்டு பேரின் தாக்குதலும் மூணில் இரண்டு பங்காகக் குறையும். இதுக்கு ஒரு வாய்ப்பும் செலவில்லை. நுழைஞ்ச முதல் டர்னில் ஃபேக் அவுட், ஒருத்தன் அந்த டர்ன் அசையவே மாட்டான். அப்புறம் பார்டிங் ஷாட், எதிரியின் பலத்தைக் குறைச்சுட்டுத் தானே வெளியே போயிடும். மறுபடி உள்ளே வரும், மறுபடி இன்டிமிடேட், மறுபடி ஃபேக் அவுட். 2019இல் அதே வாஷிங்டனில் சாம்பியனான ஜப்பானின் நவோடோ மிசோபுச்சியின் அணியிலும் இது இருந்தது. அதைப் பார்த்து யாரும் நீதிக்கதை எழுதலை. அழகான அணிலா இருந்தா எழுதியிருப்பாங்களோ என்னவோ.

2023இலிருந்து பெரிய போட்டிகளில் இரண்டு பேரின் மூவ், பொருள், திறன் எல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடியே பகிரங்கம். எதிர்பாராத மூவை வெச்சு ஏமாத்துற காலம் பெரிய மேடைகளில் முடிஞ்ச மாதிரிதான். ஆனா புரொடெக்ட் இருக்குன்னு தெரியுறதும், அது இந்த டர்னில் வருமான்னு தெரியுறதும் வேற வேற.

என் அணியில் இப்போ பச்சிரிசு இல்லை. ஒவ்வொரு இடத்தையும் நிரப்பும்போது ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்: இவன் நின்னா பக்கத்தில் நிக்கிறவனால புதுசா என்ன செய்ய முடியும்? பதில் வராத பேரை, எவ்வளவு பெரிய பேரானாலும், எடுத்துடுறேன். போன வாரம் அந்தக் கேள்வியில் டிரானிடார் போச்சு. பத்து வருஷப் பழக்கம், மனசு கொஞ்சம் கஷ்டமா இருந்தது. அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அந்த 2014 இறுதி ஆட்டத்தின் வீடியோவை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன், இந்தத் தடவை பச்சிரிசைப் பார்க்காம பக்கத்தில் நிக்கிறவங்களை மட்டும்.