சாரைக்கே நாற்காலி, மலைப்பாம்புக்கு?

மழை விட்ட மறுநாள். பட்டாபிராமில் எங்கள் தெரு மோட்டார் ரூமுக்குள் ஒரு சாரை நுழைந்துவிட்டது. அதற்கே ஆளாளுக்கு நாற்காலி மேல் ஏறி நின்றோம். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. மாசி சடையனும் வடிவேல் கோபாலும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

இருவரும் நம் இருளர் பழங்குடியினர், பாம்பு பிடிப்பவர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்கா போனார்கள். கூப்பிட்டது ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்! யாரோ ஆசைக்கு வளர்த்துக் கைவிட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பில் பெருகி, ரக்கூன்களைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2016இல் போட்டி வைத்தார்கள். சுமார் 1,000 பேர் ஒரு மாதம் அலைந்து 106 பாம்பு பிடித்தார்கள். நம்மவர்கள்? முதல் எட்டு நாளில் 13!

எப்படி என்பதுதான் எனக்குத் தித்திப்பு. உள்ளூர் வேட்டைக்காரர்கள் கரையோரம் வண்டியை உருட்டிக்கொண்டே பார்ப்பார்கள். அந்தப் பாம்போ காலடியில் கிடந்தாலும் புல்லோடு புல்லாகிவிடும். இவர்கள் இரும்புக் கம்பியோடு நேரே புதருக்குள் இறங்கினார்கள். பாம்பைத் தேடவே இல்லை, தரையைப் படித்தார்கள். இழைந்த தடம், எச்சம், உரித்த சட்டை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள், திட்டத்தில் மோப்பத்துக்கு லாப்ரடார் நாய்கள் வேறு. கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்று. அந்த இடிபாட்டுக்குள் 16 அடிப் பெண் பாம்பு! எங்கள் பட்டாபிராம் 'மிலிட்டரி சைடிங்' ஸ்டேஷன் ரயிலில் தினமும் போய்வரும் எனக்கு அந்த இடம் ஏனோ சொந்த ஊர் மாதிரி இருக்கிறது.

இன்னொரு ரகசியம்: மலைப்பாம்புக்கு விஷமே கிடையாது. இவர்கள் கூட்டத்துக்கு அன்றாடப் பிழைப்பே நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும்தான். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் அவற்றை மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறது. விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் வீட்டில் கைதட்டினேன்.

நாற்காலியிலிருந்து இறங்கி, நானும் தரையைப் பார்த்தேன். ஈர மண்ணில் வளைந்து வளைந்து ஒரு கோடு, எதிர்வீட்டு விறகுக் குவியல் வரை. எதிர்வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.