முதுகு வளைந்தது, அணி சாய்ந்தது!

வீட்டில் அம்மா படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் வாசகிகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுப்பு இருக்கும், அரிசி இருக்கும், சமைக்கத் தெரிந்த கைகளும் நாலைந்து இருக்கும். ஆனாலும் பத்து மணிக்கு ஆக வேண்டிய சாப்பாடு பன்னிரண்டு மணிக்கும் ஆகாது. ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கும். சாம்பாரில் ஒரு தரம்கூட விழுந்திராது. ஆளுக்கு ஆள், "நீ போட்டிருப்பாய் என்றல்லவா நினைத்தேன்!" என்பார்கள்.

அமெரிக்காவில் புகழ் பெற்ற ஒரு சர்வகலாசாலையின் கூடைப்பந்து அணிக்கும் 1995-ம் வருஷத்தில் ஏறக்குறைய இந்தக் கதிதான் நேர்ந்தது.

"கூடைப்பந்தா? நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இந்தக் கதையில் பந்து கொஞ்சம்தான். அதைவிட முக்கியமாக ஒரு கணவர் இருக்கிறார். உடம்பைக் கவனியாமல் வேலை வேலை என்று ஓடுகிறவர். ஒரு மனைவியும் இருக்கிறார். கடைசியில் வாசலை மறித்து நின்றவர்.

சிகரத்தில் ஓர் அணி

வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊர். ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர் போனது. புகையிலை வியாபாரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்த டியூக் குடும்பத்தின் பெயரால் அங்கே ஒரு சர்வகலாசாலை விளங்குகிறது. அதன் கூடைப்பந்து அரங்கத்தில் ஒன்பதாயிரம் பேர்தான் உட்காரலாம். ஆனால் உள்ளே போக மாணவர்கள் வெளியே கூடாரம் அடித்துப் பனியில் நாள் கணக்காகக் காத்துக் கிடப்பார்கள்.

அந்த அணியின் கோச், அதாவது பயிற்சியாளர், மைக் ஷஷெவ்ஸ்கி. போலந்து நாட்டுப் பெயர். அமெரிக்கர்களுக்கே நாக்குச் சுளுக்கியதால், 'கோச் கே' என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சிக்காகோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். தகப்பனார் லிப்ட் இயக்கியவர். தாயார் ஒரு கிளப்பில் தரை துடைத்து மகனைப் படிக்க வைத்தவர். மகன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். மேலதிகாரி கேள்வி கேட்டால் சாக்குச் சொல்லக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். 1969-ல் பட்டம் பெற்ற அன்றே மிக்கி என்ற பெண்ணைக் கைப்பிடித்தார். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

1980-ல் டியூக்குக்கு வந்தார். இரண்டாவது, மூன்றாவது வருஷங்களில் தோல்விகளே அதிகம். "இந்த மனுஷரை அனுப்பிவிடுங்கள்!" என்று பழைய மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். விளையாட்டு இலாகாத் தலைவர் டாம் பட்டர்ஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமை வீண் போகவில்லை. 1986-லிருந்து 1994 வரை ஒன்பது வருஷங்களில் ஏழு தடவை தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக டியூக் வந்தது. 1991, 1992 இரண்டு வருஷமும் பட்டம்!

1994 ஏப்ரலில் மறுபடியும் இறுதி ஆட்டம். ஆர்க்கன்ஸாஸ் அணியிடம் 76-72 என்ற கணக்கில் நூலிழையில் தோற்றார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று டர்ஹமில் எல்லோரும் தேறினார்கள்.

அடுத்த வருஷமும் வந்தது.

ஒரு தூண் போயிற்று

கல்லூரி அணிக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், நாலு வருஷம் ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். டியூக்கில் அப்படிப் போனவர்களில் முக்கியமானவர் கிராண்ட் ஹில். அவர் பந்தை எடுத்துப் போவார், பங்கிடுவார், எதிரியைத் தடுப்பார், முக்கியமான நேரத்தில் கூடையிலும் போடுவார். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் ஒன்றரை ஆள் வேலையை அவர் ஒருவரே செய்து வந்தார். தொழில் முறை ஆட்டத்துக்குப் போன முதல் வருஷமே, சிறந்த புதுமுகம் என்ற விருதை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

மிச்சம் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. செரோக்கி பார்க்ஸ் என்ற நெட்டை மாணவர் நாலாவது வருஷத்தில் இருந்தார். ஜெப் கேபல் இரண்டாம் வருஷம். டிராஜன் லாங்டன், ஸ்டீவ் வோஜ்ஹவ்ஸ்கி முதலிய பையன்கள் அப்போதுதான் கல்லூரிக்குள் காலடி வைத்திருந்தார்கள். அனுபவமுள்ள கிரிஸ் காலின்ஸ் பாத எலும்பு முறிந்து நொண்டினார். ஆகவே வீட்டில் மூத்தவர்கள் குறைவு, சிறுசுகள் அதிகம். இந்த நிலையில்தான் குடும்பத் தலைவர் படுத்தார்.

டாக்டர் சொன்னதும் கோச் செய்ததும்

1994 அக்டோபரில் கோச் கே-யின் முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவி, கால் வரை வலி சுண்டியிழுத்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஓய்வு எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். ராணுவக் கல்லூரியில் படித்தவர் கேட்பாரா? இரண்டு வாரம் ஆவதற்குள் பயிற்சிக் கூடத்தில் வந்து நின்றார்.

வலி போகவில்லை; தூக்கம் போயிற்று. டிசம்பர்க் கடைசியில் ஹவாய்த் தீவுக்கு அணியுடன் சென்றார். பல மணி நேரம் ஆகாய விமானத்தில் உட்கார்ந்த பிறகு முதுகு நிமிர மறுத்தது. மனத்திலும் ஒரு பயம் புகுந்துகொண்டது. அவருடைய அருமைச் சிநேகிதரும் இன்னொரு பெரிய பயிற்சியாளருமான ஜிம் வால்வானோ 1993-ல் புற்றுநோயால் காலமானார். அவருக்கும் ஆரம்பத்தில் முதுகில்தான் வலி. "நமக்கும் அதுவாக இருக்குமோ?" என்று கோச் உள்ளுக்குள் மருகினார்.

1995 ஜனவரி முதல் வாரத்தில் சொந்த அரங்கத்திலேயே கிளெம்ஸன் அணியிடம் டியூக் தோற்றது. மறு நாள் காலையில் மிக்கி அம்மாள் கணவருக்கு டாக்டரைப் பார்க்க நேரம் குறித்தார். அந்த நேரத்தில் பயிற்சி இருக்கிறதே என்றார் கணவர். பயிற்சிக்குப் போவதானால் அப்படியே போய்விடலாம், வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மனைவி!

இருபத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அப்படி ஒரு வார்த்தையை அந்த அம்மாள் சொன்னதில்லை. கோச் யோசித்தார். டாக்டரிடம் போனார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் உடம்பு முழுவதும் ஓய்ந்து போயிருந்தது. வேலையை ராஜினாமா செய்துவிடுவதாக அவர் சொன்னபோது, பழைய டாம் பட்டர்ஸ் இந்தத் தடவையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் கொஞ்ச நாள் லீவு என்றார்கள். பிறகு, அந்தப் பருவம் முழுவதுமே அவர் வரமாட்டார் என்று அறிவித்தார்கள்.

பொறுப்பு உண்டு, அதிகாரம்?

உதவிப் பயிற்சியாளர் பீட் கோடெட்டின் தோளில் பாரம் இறங்கியது. பல வருஷங்களாகக் கோச் கே-யின் வலது கை. நெட்டை ஆட்டக்காரர்களைத் தயார் செய்வதில் நிபுணர். ஆனால் அவர் நிலைமையைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கல்லூரி விளையாட்டுச் சங்க விதிப்படி, அணிக்கு ஓர் உதவியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. டியூக்கில் அந்த ஓர் உதவியாளர் கோடெட்தான்! பிற்பாடு இந்த விதி சட்ட விரோதமானது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1999-ல் நாடு முழுவதிலும் இருந்த இத்தகைய பயிற்சியாளர்களுக்கு 5 கோடியே 45 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. ஆனால் 1995 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தவை பெரியவரின் நாற்காலியும், சின்னவரின் சம்பளமும்தான்.

அதற்கும் மேலே ஒரு தொல்லை. கோச் இன்று வருவாரா, நாளை வருவாரா என்று பையன்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தற்காலிக ஏற்பாட்டுக்கு யாரும் முழு மனத்துடன் கட்டுப்படுவதில்லை. மாமியார் ஊருக்குப் போயிருக்கும்போது மருமகள் சொல்வதை வேலைக்காரி கேட்கிற மாதிரிதான்!

ஆட்டங்களைப் பார்த்தால் விஷயம் புரியும். வர்ஜீனியா அணியை இருபது புள்ளிகளுக்கு மேல் முந்திக்கொண்டு நின்றார்கள். கையில் விழுந்த பழம்! அதையும் நழுவவிட்டு, இரண்டு தடவை கூடுதல் நேரம் ஆடி, தோற்றார்கள். முந்திய வருஷங்களில் இப்படி ஒரு சரிவு தொடங்கும்போது, கிராண்ட் ஹில் பந்தைக் கையில் வாங்கிக்கொள்வார்; ஓரத்திலிருந்து கோச் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது பந்தை வாங்கவும் ஆளில்லை; பார்க்கவும் ஆளில்லை. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பு விழாத கதைதான்!

அந்த ஒரு பந்து

பிப்ரவரி 2-ந் தேதி ராத்திரி நடந்ததை அந்த ஊரில் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பங்காளியான வட கரோலினா சர்வகலாசாலை வந்திருந்தது. நாட்டின் தலை சிறந்த அணிகளில் ஒன்று. டியூக்கோ தங்கள் வட்டாரப் போட்டியில் அதுவரை ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோல்வி. ஆரம்பத்திலேயே 26-9 என்று எதிரி முந்திவிட்டான்.

பையன்களுக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ! கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம். அதுவும் முடியப் போகிறது. மூன்று புள்ளி பின்னால். மணி அடிக்கப் போகும் கணத்தில் ஜெப் கேபல் கிட்டத்தட்ட மைதானத்தின் நடுவிலிருந்து பந்தை வீசினார். பந்து கூடைக்குள் இறங்கியது. 95-95! அரங்கமே கிடுகிடுத்தது.

சினிமாவாக இருந்தால் அங்கே 'சுபம்' போட்டிருப்பார்கள். ஆனால் மீண்டும் ஐந்து நிமிஷம் ஆட வேண்டியிருந்தது. 102-100 என்று டியூக் தோற்றது.

பருவம் முடிந்தது. மொத்தம் 31 ஆட்டங்கள். 13 ஜயம், 18 தோல்வி. கோச் இருந்தபோது 9 ஜயம், 3 தோல்வி. அவர் போன பிறகு 4 ஜயம், 15 தோல்வி. பதினொரு வருஷம் விடாமல் தேசியப் போட்டிக்குப் போன அணி அந்த மார்ச்சில் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

யார் மேல் குற்றம்?

கணக்கை மட்டும் பார்த்துக் கோடெட் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அது நியாயமல்ல. பலமான எதிரிகளுடன் பல ஆட்டங்கள் அவர் பொறுப்பேற்ற பிறகுதான் வந்தன. ஹில் போனது அவர் குற்றமல்ல. காலின்ஸின் கால் முறிந்ததும் அவர் குற்றமல்ல. சரியாகச் சொல்லப்போனால், அணி சாய்ந்ததற்குக் காரணம் கோச் கே ஜனவரியில் போனது அல்ல, அக்டோபரில் போகாததுதான். அப்போதே இரண்டு மாதம் படுத்திருந்தால், பையன்களும் கோடெட்டும் நிதானமாகத் தங்களைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். அவரும் முழு உடம்புடன் திரும்பியிருப்பார். "நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்று நினைத்து நின்றவர், உண்மையிலேயே ஒன்றும் நடக்காதபடி செய்துவிட்டார்.

அந்த வருஷத்தோடு கோடெட் டியூக்கை விட்டு விலகினார். வேறு கல்லூரிகளில் பணியாற்றி, பிற்காலத்தில் பெண்கள் அணிக்கும் பயிற்சி கொடுத்தார். கோச் கே உடம்பு தேறித் திரும்பினார். அடுத்த வருஷமே அணி மறுபடி தேசியப் போட்டிக்குப் போயிற்று. பிறகு 2001, 2010, 2015 என்று இன்னும் மூன்று பட்டங்கள்! 2022-ல்தான் ஓய்வு பெற்றார். தோற்றுத் தலை குனிந்த அந்தப் பையன்களில் கேபலும் காலின்ஸும் வோஜ்ஹவ்ஸ்கியும் பின்னால் தாங்களே தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். ஜயித்த வருஷங்கள் கற்றுக்கொடுக்காததை அந்த ஒரு வருஷம் கற்றுக்கொடுத்திருக்குமோ, என்னவோ!

கோச் கே-யின் பட்டங்கள் மொத்தம் ஐந்து. அவற்றில் மூன்று, மிக்கி அம்மாள் வாசலை மறித்து நின்ற பிறகு வந்தவை. அந்தக் கோப்பைகளில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்காது. ஆனால், காய்ச்சலோடு ஆபீசுக்குக் கிளம்பும் கணவரின் கையிலிருந்து பையைப் பிடுங்கி வைத்த நம் வாசகிகளுக்கு, அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்பது தெரியும்.