ஆங்கிலத் தொடர்களில் வினைப்பாங்குப் பிறழ்ச்சி: இனங்காணலும் திருத்தலும்

ஒரு வினை செய்தியாகக் கூறப்படுகிறதா, ஏவலாகக் கூறப்படுகிறதா, விருப்பமாகவோ புனைவாகவோ கருதப்படுகிறதா என்பதைக் காட்டுவது வினைப்பாங்கு. ஆங்கில இலக்கணம் இதனை உரைப்பாங்கு, ஏவற்பாங்கு, கருதற்பாங்கு என மூன்றாகப் பகுக்கும். இணைந்து வரும் வினைகள் காரணமின்றி வேறுவேறு பாங்கில் நிற்பின் அது பிறழ்ச்சியாகும்.

தமிழில் ‘செலுத்துக’ என்னும் வியங்கோளும் ‘செலுத்துகிறான்’ என்னும் வினைமுற்றும் ஈற்றாலேயே வேறுபடுகின்றன. வியங்கோளுக்குரிய ஈறுகளை நன்னூல் வகுத்தே கூறுகிறது. ஆங்கிலத்திலோ, ‘பீ’ என்னும் வினை நீங்கலாக, ஏவலுக்கும் கருதலுக்கும் வழங்கும் அடிவடிவமே படர்க்கை ஒருமை ஒழிந்த இடங்களில் நிகழ்காலச் செய்திக்கும் வழங்குகிறது. ஆகவே பிறழ்ச்சி எளிதில் மறைந்துவிடுகிறது.

‘ரீட் த கொஸ்டின்ஸ் அண்ட் யூ ஷுட் ஆன்ஸர் தெம்’ என்னும் தொடர் ஏவலில் தொடங்கி உரைப்பாங்கில் முடிகிறது. ‘யூ ஷுட்’ என்பதை நீக்கின் இரு வினையும் ஏவலாகும். ‘த ரூல் ரிக்வயர்ஸ் தட் ஹி பே த ஃபீ அண்ட் சைன்ஸ் த ஃபார்ம்’ என்பதில் ‘பே’ கருதற்பாங்கு, ‘சைன்ஸ்’ உரைப்பாங்கு. ‘சைன்’ என்பதே பொருந்தும்.

இது நடைக்குற்றம் மட்டுமன்று. ‘ஷி இன்ஸிஸ்ட்ஸ் தட் ஹி பே’ என்பது அவன் செலுத்துக என அவள் வற்புறுத்துவதைக் குறிக்கும். ‘பேஸ்’ என எழுதின், அவன் செலுத்திவருகிறான் என அவள் உறுதிபடக் கூறுவதாகப் பொருள்படக்கூடும். ஈற்று ‘ஸ்’ ஒன்றே கடமையைச் செய்தியாக்கிவிடுகிறது.

இணைந்த வினைகளைத் தனித்தனியே தமிழாக்கிப் பார்த்தல் எளிய சோதனையாகும். ஒன்று ‘செலுத்துக’ எனவும் மற்றொன்று ‘ஒப்பமிடுகிறான்’ எனவும் அமையின் பிறழ்ச்சி வெளிப்படும். எனினும் இச்சோதனைக்கு எல்லை உண்டு. ‘இஃப் ஹி வேர் ஹியர் அண்ட் வாஸ் வில்லிங், ஹி வுட் ஹெல்ப்’ என்பதில் ‘வேர்’, ‘வாஸ்’ இரண்டும் தமிழில் ‘இருந்தால்’ என்றே அமைவதால் பிறழ்ச்சி புலப்படாது. அங்கு முதன்மைத் தொடரின் ‘வுட்’ என்பதை நோக்கி, நிகழாத நிலை எனத் தெளிந்து, இரண்டிடத்தும் ‘வேர்’ என எழுதுதல் வேண்டும்.

பாங்கு மாறும் இடமெல்லாம் பிழையன்று. ‘கோ ஹோம், இட் இஸ் லேட்’ என்பதில் முன்னது ஏவல், பின்னது அதற்குரிய காரணம். பணி வேறாதலின் பாங்கும் வேறாகிறது. ஒரே பணியாற்றும் வினைகள் ஒரே பாங்கில் நிற்கின்றனவா என்பதே திருத்துவோர் கேட்க வேண்டிய வினா.