சிங்கப்பூரில் குடியேறுவோர் அறிய வேண்டிய அன்றாட விதிகளும் பாதுகாப்பு ஒழுங்குகளும்

வேலை, படிப்பு, திருமணம் ஆகிய காரணங்களுக்காகச் சிங்கப்பூர் செல்வோர் அங்கு முதல் நாளிலிருந்தே பல புதிய விதிகளுக்கு உட்படுகின்றனர். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பெயர்ப்பலகைகளிலும் எச்சரிக்கைப் பலகைகளிலும் தமிழைக் காணலாம். கடைகளும் கோயில்களும் உணவும் பழகியவையாகவே இருக்கும். இதனால் ஊரில் செய்த எல்லாவற்றையும் இங்கும் செய்யலாம் என்ற எண்ணம் எளிதில் ஏற்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் யாரும் பொருட்படுத்தாத சில செயல்கள் சிங்கப்பூரில் அபராதத்துக்கோ சிறைக்கோ உரிய குற்றங்கள் ஆகும்.

சுமார் 735 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழும் நாடு சிங்கப்பூர். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். நெருக்கமாக, உயரமாக, வெப்பமண்டலத்தில் வாழ்வது என்ற இந்த மூன்று நிலைமைகளிலிருந்தே அன்றாட விதிகளில் பல பிறந்துள்ளன.

கொண்டுவரும் பொருட்கள்

விதிகள் விமான நிலையத்திலேயே தொடங்குகின்றன. ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது மளிகைப் பொருட்களோடு வைக்கப்படும் கசகசா இதற்கு நல்ல உதாரணம். கசகசா அபினிச் செடியின் விதை என்பதாலும், அதில் மார்பின் சிறிதளவு ஒட்டியிருக்கக்கூடும் என்பதாலும், போதைப்பொருள் ஒழிப்புத் துறையின் அனுமதியின்றி அதைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது.

குட்கா, கைனி, ஜர்தா போன்ற வாயிலிட்டு மெல்லும் புகையிலைப் பொருட்களும் மூக்குப்பொடியும் 2016 ஆகஸ்ட் முதல் தடை செய்யப்பட்டுள்ளன. மின்சிகரெட்டை வைத்திருப்பது, வாங்குவது, பயன்படுத்துவது ஆகிய மூன்றும் 2018 பிப்ரவரி முதல் குற்றம். சாதாரண சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு எதுவும் கிடையாது. ஒரு பாக்கெட் கொண்டுவந்தாலும் சுங்கப் பிரிவில் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும். 21 வயது நிறையாதவர் புகைப்பதும் புகையிலைப் பொருளை வைத்திருப்பதும் சட்டப்படி தடுக்கப்பட்டவை. மெல்லும் சூயிங்கம் இறக்குமதிக்கு 1992ல் தடை வந்தது. 2004க்குப் பிறகு மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலிநிவாரணி போன்றவற்றை உடன் எடுத்துச் செல்வோர் மருத்துவரின் சீட்டை வைத்திருக்க வேண்டும். சில மருந்துகளுக்குப் பயணத்துக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவை. 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தைக் கொண்டுவந்தாலும் கொண்டுசென்றாலும் அறிவித்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடுமையானது போதைப்பொருள் சட்டம். 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயின் அல்லது 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சா கடத்தியது நிரூபிக்கப்பட்டால் மரண தண்டனை விதிக்கப்படும். ஒருவர் வசமுள்ள பையில் இருக்கும் பொருளை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்று சட்டம் முதலில் கருதுகிறது. அறியவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. ஆகவே, ஊர்க்காரர் கொடுத்தார், உறவினர் கேட்டார் என்பதற்காகப் பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை எடுத்துச் செல்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அடுக்குமாடி வீட்டில் வாழ்தல்

தரை வீட்டில் வாழ்ந்து பழகியவருக்குப் பதினைந்தாவது மாடியின் சன்னல் புதிய பொறுப்பு. சன்னலோரத்திலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்த பூந்தொட்டி கீழே விழுந்தால் நடந்து செல்பவர் இறக்க நேரிடலாம். மேலிருந்து பொருளை வீசுவது, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயல் என்ற வகையில் தண்டனைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அபராதத்துடன் சிறையும் கிடைக்கலாம். வீவக வீடாயின் உரிமையாளர் வீட்டையே இழக்கவும் கூடும்.

சன்னலுக்கும் தனிச் சட்டம் உண்டு. வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களின் அலுமினியத் தறையாணிகளை அகற்றி, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டும் என்ற விதி 2004ல் வந்தது. பராமரிக்காத சன்னல் கழன்று விழுந்தால் வீட்டு உரிமையாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இல்லப் பணிப்பெண்கள் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கையில் விழுந்து இறந்த சம்பவங்களை அடுத்து, 2012ல் புதிய கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சன்னலில் கம்பித் தடுப்பு பூட்டப்பட்டு, முதலாளியோ அவர் சார்பில் ஒரு பெரியவரோ உடனிருந்தால் மட்டுமே அந்த வேலையைச் செய்யச் சொல்லலாம்.

வீட்டு வாசலில் செருப்பு அலமாரி, சைக்கிள், செடித் தொட்டி ஆகியவற்றை வைப்பது வழக்கம். ஆனால் பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் புகையில் தடுமாறி வெளியேறுபவர்களுக்கும், தூக்குப்படுக்கையுடன் வரும் மீட்புப் படையினருக்கும் வேண்டிய அகலம் அது. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் புகை உணர்ந்து ஒலிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில், கனத்த இரும்புக் கதவுடன் கூடிய சிறிய அறை ஒன்று இருக்கும். பலரும் அதைச் சாமான் அறையாகப் பயன்படுத்துகின்றனர். உண்மையில் அது போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து தப்புவதற்கான தற்காப்பு அறை. பொருட்கள் வைக்கலாம், சுவரை இடிப்பதும் கதவை மாற்றுவதும் கூடாது.

மின்சாரம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட் என்றாலும், செருகி வேறு வகை. சிங்கப்பூரில் பயன்படுவது தட்டையான மூன்று முனைகளைக் கொண்ட, உள்ளே ஃபியூஸ் வைத்த செருகி ஆகும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியை அல்லது இட்லி மாவரைக்கும் கிரைண்டரை ஒப்பமில்லாத இணைப்பியில் செருகுவதும், ஒரே இணைப்பியில் பல கருவிகளை ஓட்டுவதும் தீவிபத்துக்குக் காரணமாகின்றன. செருகியும் இணைப்பியும் வாங்கும்போது அதில் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

கொசுவும் குப்பையும்

டெங்கிக் காய்ச்சல் சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் இருக்கும் அச்சுறுத்தல். நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முட்டையிடுகிறது. இதனால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகளுக்கு வீடுகளுக்குள் வந்து சோதிக்கும் அதிகாரம் உண்டு. பூந்தொட்டித் தட்டு, வாளி, துணி உலர்த்தும் மூங்கில் செருகும் குழாய், சாமிக்கு வைத்த செம்பு நீர் ஆகியவற்றில் கொசுப்புழு கண்டால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்குகிறது. வரும் அதிகாரியிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பது குடியிருப்பவரின் உரிமை.

பொது இடத்தில் குப்பை போட்டு நீதிமன்றம் சென்றால் முதல் முறை 2,000 வெள்ளி வரையும், இரண்டாம் முறை 4,000 வரையும், அதற்கு மேல் 10,000 வரையும் அபராதம் விதிக்கலாம். சிகரெட் துண்டும் பேருந்துச் சீட்டும் குப்பையே. 1992 முதல், குற்றவாளியைப் பொது இடத்தில் பளிச்சென்ற மேற்சட்டையுடன் துப்புரவு செய்ய வைக்கும் தண்டனையும் நடைமுறையில் உள்ளது. வெற்றிலை எச்சில் உட்பட, தெருவில் துப்புவதும் குற்றம். உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் கொண்டுபோய் வைக்காதவர்மீது 2021 செப்டம்பர் முதல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது.

சாலையும் பொது இடமும்

வாகனங்கள் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் செல்கின்றன. ஆனால் நடப்பவர் சாலையைக் கடக்கும் முறை வேறு. கடப்பிடம், மேம்பாலம், சுரங்கப்பாதை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் வேறு எங்கும் கடக்கக் கூடாது. பச்சை விளக்கு எரியும் வாகனம் வேகம் குறைக்கும் என்று எதிர்பார்த்து இறங்குவது ஆபத்தானது. மின்ஸ்கூட்டர்கள் 2019 நவம்பர் முதல் நடைபாதையில் தடை செய்யப்பட்டுள்ளன. இரவு முழுதும் மின்னேற்றியதில் ஸ்கூட்டர் மின்கலங்கள் வெடித்து வீடுகள் எரிந்துள்ளதால், தீப்பாதுகாப்புத் தரச்சான்று இல்லாத வண்டியைப் பயன்படுத்தக் கூடாது.

எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்திலும் உண்பதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக் கூடாது. 2013 டிசம்பரில் நடந்த லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின் 2015ல் இச்சட்டம் வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் என்பதால், அங்கு வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் நாள் முழுதும் இத்தடை நீள்கிறது.

பட்டாசு இல்லாத தீபாவளி முதல் ஆண்டில் வெறுமையாகத் தோன்றும். 1970 சீனப் புத்தாண்டின்போது ஆறு பேர் பட்டாசு விபத்துகளில் இறந்ததும், 1972ல் பட்டாசு வெடிப்பதைத் தடுத்த காவலர்கள் தாக்கப்பட்டதும் அந்த ஆண்டே முழுத் தடைக்கு வழிவகுத்தன. அனுமதியின்றிப் பொது இடத்தில் ஊர்வலமோ போராட்டமோ நடத்துவதும் குற்றம். தனியாளாகப் பதாகை பிடித்து நிற்பதற்கும் அனுமதி வேண்டும்.

வேலையிடம்

வேலை அனுமதிச் சீட்டில் வருவோருக்குச் சட்டம் கட்டுப்பாடுகளையும் பாதுகாப்பையும் சேர்த்தே தருகிறது. சீட்டில் குறித்த முதலாளியிடம், குறித்த வேலையை மட்டுமே செய்யலாம். விடுமுறை நாளில் வேறு இடத்தில் பகுதிநேர வேலை பார்ப்பது குற்றம். மனிதவள அமைச்சின் அனுமதியின்றிச் சிங்கப்பூர்க் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணக்க முடியாது. வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ சிம் அட்டையையோ பிறருக்குக் கொடுத்தால், மோசடிக்குத் துணைபோன குற்றச்சாட்டு வரலாம்.

மறுபக்கம், வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையை முதலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சிங்கப்பூர் முகவர் வாங்கும் கட்டணம் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளத்தையும், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டக் கூடாது. ஊரில் உள்ள முகவர் வாங்கும் தொகையை இந்த வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. நிலத்தை அடகு வைத்து வருவோரின் கடன் பெரும்பாலும் அங்கேயே உருவாகிறது. சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளமும், 14 நாட்களுக்குள் மிகைநேர ஊதியமும் கிடைக்க வேண்டும். சம்பள விவரச் சீட்டும் தரப்பட வேண்டும்.

வெயிலுக்கும் விதி உண்டு. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32 பாகையை எட்டினால், திறந்தவெளியில் கடும் உடலுழைப்பு செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு தர வேண்டும். 33 பாகையில் அது 15 நிமிடம் ஆகிறது. இவ்விதி 2023 அக்டோபரில் அறிமுகமானது.

வேலையில் காயமடைந்தவர், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம். விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் இதில் அடங்கும். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் காயத்தை மறைப்பவர், பின்னர் அது வேலையில் ஏற்பட்டது என்று காட்டும் ஆதாரத்தையே இழக்கிறார். அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பதும், மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்வதும், மருத்துவச் சீட்டுகளின் படத்தைக் கைபேசியில் வைத்திருப்பதும் அவசியம். இல்லப் பணிப்பெண்கள் இச்சட்டத்தில் அடங்குவதில்லை. அவர்களுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்புறுதி எடுக்க வேண்டும். வார ஓய்வு நாட்களில் மாதம் ஒன்றையாவது, பணம் கொடுத்து ஈடுசெய்யாமல், ஓய்வாகவே தர வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயம்.

அவசர உதவி

காவல்துறையை 999 என்ற எண்ணிலும், தீயணைப்பையும் அவசர மருத்துவ வண்டியையும் 995 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் மருத்துவ வண்டிக்கு 1777 என்ற எண் உள்ளது. அழைப்பவர் வீவக கட்டட எண், மாடி, வீட்டு எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருப்பதால், அதை மட்டும் சொன்னாலும் இடம் தெரிந்துவிடும். தொழிலாளர் விடுதிகளில் புதிதாக வந்தவர்கள் இந்த ஆறு இலக்கங்களை முதலில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.