'நிறைய' என்பது கணக்கு இல்லை: கல்லூரிப் பிள்ளைகளுக்கு வயலைத் திறந்துவிடுவோம்

இளங்கலையில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் படிக்கிற பிள்ளைகள் பல கல்லூரிகளில் கடைசிப் பருவத்தில் ஒரு ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கணும். 'ப்ராஜெக்ட்' என்பார்கள். டிசம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடியணும். கையில் காசு கிடையாது, பெரிய கருவியும் கிடையாது. என்ன செய்வார்கள்? துளசி, வேம்பு, குப்பைமேனி என்று ஏதாவது ஒரு இலையைச் சாறெடுத்து, கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். போன வருடம் மூத்த மாணவர்கள் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். அதுவும் முடியாதவர்கள் பழைய அறிக்கையை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி பைண்டிங் செய்து கொடுத்துவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் எல்லாம் அலமாரிக்குப் போய்விடும்.

இந்தப் பக்கம் நம்மைப் பாருங்கள். 'மூடாக்கு போட்டேன், மண்புழு பெருகிப்போச்சு', 'பஞ்சகவ்யம் தெளிச்சேன், பயிர் பச்சை கட்டிருச்சு' என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். எத்தனை புழு என்று கேட்டால் 'நிறைய' என்கிறோம். வங்கியில் பல வருடம் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். வருமானம் என்ற இடத்தில் 'நிறைய' என்று எழுதியிருந்தால் எந்த மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். நம்மை நம்பாதவர்கள் கேட்பதும் அந்தக் கணக்கைத்தான்.

அவர்களுக்கு நல்ல கேள்வி இல்லை. நமக்கு எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்பதுதான் என் யோசனை.

மண்புழுக் கணக்கு

மண்வெட்டி, அளவுகோல், ஒரு சாக்கு போதும். 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் தோண்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்து எண்ணணும். வந்த எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் கணக்கு கிடைக்கும். மூடாக்கு போட்ட இடம், போடாத இடம் என்று ஒவ்வொன்றிலும் பல குழி எடுக்கணும். ஒரே குழியை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

காலம் முக்கியம். மண் காய்ந்தால் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுகொள்ளும். மார்ச்சில் மானாவாரி நிலத்தில் தோண்டினால் ஏமாற்றம்தான். அதனால் ஐந்தாம் பருவத்திலேயே, வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள்.

இது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் 1842-இல் ஒரு புல்வெளியில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவைத்து, 1871-இல் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் கொண்டுவந்து போட்ட மண்ணுக்கு அடியில், ஏழு அங்குல ஆழத்தில் அவை கிடந்தன. நம் பிள்ளைகளுக்கு 29 வருடம் இல்லை, நான்கு மாதம்தான். அதற்குள் செய்யக்கூடிய கேள்விகளும் உண்டு.

விதைச் சோதனை

நெல்லில் ஒவ்வொரு முறைக்கும் 400 விதை, நூறு நூறாக நான்கு பங்கு. ஒன்று காய்ந்த விதை, இன்னொன்று தண்ணீரில் ஊறியது, மூன்றாவது மூன்று சதவீதப் பஞ்சகவ்யக் கரைசலில் அதே நேரம் ஊறியது. 14-ஆம் நாள் முளைத்ததை எண்ணணும். நடுவில் உள்ள தண்ணீர்ப் பங்கை விட்டுவிடக் கூடாது. ஊறுவதே முளைப்பைத் துரிதப்படுத்தும். அந்தப் பங்கு இல்லாவிட்டால் தண்ணீர் செய்ததைப் பஞ்சகவ்யத்தின் பேரில் வரவு வைத்துவிடுவோம்.

போன பருவம் மூன்று மாணவிகள் என் களத்தில் இதைச் செய்தார்கள். தண்ணீர்ப் பங்குக்கும் பஞ்சகவ்யப் பங்குக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. "ஐயா, நீங்க வருத்தப்படக் கூடாது" என்று தயங்கித்தான் தாளை நீட்டினார்கள். வந்ததை அப்படியே எழுதுங்கம்மா என்றேன். பக்கத்து வயல்காரர் மட்டும், "இதையெல்லாம் வெளிய சொல்லாதீங்க சார், நம்ம பேரு கெட்டுப்போகும்" என்றார்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த விதை புதிது. நல்ல விதை எப்படியும் பெரும்பாலும் முளைத்துவிடும், வித்தியாசம் காட்ட இடமே இருக்காது. பழைய விதையில் என்ன ஆகும்? வேரின் நீளம் கூடுகிறதா? இந்த இரண்டு கேள்வியும் அந்த முடிவிலிருந்துதான் பிறந்தன. மறைத்திருந்தால் இவையும் சேர்ந்து மறைந்திருக்கும்.

நம்மால்தான் முடியும்

'இயற்கை வயல் ஒன்று, ரசாயன வயல் ஒன்று' என்று பூச்சி எண்ணி முடிவு சொல்வது பலர் செய்வது. ஒரு வயல் மேட்டில், இன்னொன்று பள்ளத்தில் இருந்தால் வித்தியாசம் எதனால் வந்தது? இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து வயலாவது வேணும். ஒரு கல்லூரியால் அத்தனை இயற்கை வயலைத் தேடிப்பிடிப்பது கடினம். நம் இயக்கத்தால் ஒரே வட்டாரத்தில் கொடுக்க முடியும்.

வயலைக் கொடுக்கிறவர்கள் நான்கு விஷயத்தைக் கவனிக்கணும். எந்தத் தேதியில் எதை எவ்வளவு போட்டோம் என்று நோட்டில் எழுதிக் கொடுங்கள். என்ன முடிவு வரணும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். எண்ண வந்த பிள்ளைகளைக் களை எடுக்க அனுப்பாதீர்கள். முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி திறந்ததும் ஜூன், ஜூலையிலேயே துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். தலைப்பு முடிவான பிறகு போனால் பயன் இல்லை. கிடைத்த அறிக்கைகளை நம் கூட்டத்தில் வாசிப்போம். நமக்குச் சாதகமாக வந்ததையும், வராததையும்.