பாட்டனின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

மூதாதையரைத் தேடப் புறப்படும் தலித் இளைஞர்கள் நம்மிடம் முதலில் கேட்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆவணங்களையே. அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கடந்ததும் அவை பெயர்களுடன் பொதுப் பார்வைக்கு வருகின்றன. இந்தியாவில் அவ்வழி இல்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அப்பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை மறுக்கிறது. உரிமையியல் வழக்குகளில் சான்றாக ஏற்பதையும் தடுக்கிறது. அச்சான தொகுதிகளில் சாதிவாரித் தொகை உண்டு. பாட்டனின் பெயர் இல்லை.

பெயர் இருப்பது நில ஆவணங்களில். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை பிறந்தது. முதல் 10 ஆண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் மாற்றக்கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. ஆகவே, நிலம் பெற்ற பாட்டனை அடையாளம் காண்பது, பறிபோன நிலத்தை மீட்பதற்கான முதற்படியும் ஆகும்.

கிராம 'அ' பதிவேட்டின் இன்றைய படி மட்டும் போதாது. 1980களின் யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோர வேண்டும். புல எண் வாரியாக ஒப்பிட்டால், நிபந்தனை நிலம் எப்போது சாதாரணப் பட்டாவாக மாறியது என்பது புலப்படும்.

இத்தேடலைத் தனியே செய்ய வேண்டாம். அண்டைக் குடும்பத்தின் பழைய பத்திரத்தில், நான்கெல்லை விவரத்தில், நம் பாட்டனின் பெயர் இருக்கலாம். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய ஊர் மூத்தோரின் நினைவு உதவும்; அதனை எழுதி, பள்ளி, இறப்புப் பதிவுகளோடு சரிபார்க்க வேண்டும். சேரியின் குடும்பங்கள் ஆவணப் படிகளை ஒன்றாகத் தொகுத்தால், ஒருவரின் சான்று மற்றவரின் கோரிக்கைக்கும் வலுச்சேர்க்கும்.