சுங்கான் வாங்கும் முன்: குறைந்த காசில் நல்ல பைப்பை அடையாளம் காண்பது எப்படி?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பைப் என்றதும் துரைதான் நினைவுக்கு வருவார். ஆள்களுக்குச் சுருட்டு, பீடி, ரோக்கோ டாவுன், துரைக்குப் பைப். முனியாண்டிக்குப் படையல் போடும்போதும் சுருட்டைத்தான் வைத்தோம். பைப்புக்கு நம் மொழியில் ‘சுங்கான்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஆனால், அந்தச் சொல்லை இன்று நம்மில் பலர் கேட்டிருக்கவே மாட்டோம்.

இப்போது சுங்கானைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. பழம்பொருள் சந்தைகளில் பைப் தேடும் நம் இளைஞர்கள் சிலர், பளபளப்பையும் பெயரையும் நம்பி அதிக விலை கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், துரையிடம் கிராணியாகவோ டிரசராகவோ வேலை பார்த்த தாத்தா விட்டுச்சென்ற பைப் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு வீடு மாறும்போது அது பழைய சாமான்களோடு சேர்ந்து சொற்ப வெள்ளிக்குப் போய்விடுகிறது. ஒருவர் கூடக் கொடுத்து ஏமாறுகிறார். மற்றவர் குறைத்து விற்று ஏமாறுகிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. பைப் புகை சிகரெட் புகையைவிடப் பாதுகாப்பானது என்ற பேச்சில் உண்மையில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் வழியாகவே உடலில் சேரும். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவும் காரணம். புகைக்காதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டாம். இந்தக் கட்டுரை ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்கும், பழம்பொருளாகச் சேர்ப்பவர்களுக்கும், வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் மதிப்பு தெரியாமல் இருப்பவர்களுக்கும்தான்.

மூன்று பாகங்கள்

பைப்பில் மூன்று பாகங்கள் உண்டு. புகையிலை போடும் கிண்ணம். அதிலிருந்து நீளும் காம்பு. காம்பில் செருகும் வாய்க்குழல். கிண்ணமும் காம்பும் பெரும்பாலும் ஒரே கட்டையில் கடைந்தவை. வாய்க்குழல் தனியாகக் கழன்று வரும்.

கிண்ணம் எதில் செய்யப்பட்டது என்பதை வைத்தே விலையின் பெரும்பகுதி அமைகிறது. அதிகம் புழங்குவது பிரையர். மத்தியத்தரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவில் உருண்டு திரளும் முண்டுதான் அது. வெட்டிய கட்டைகளைப் பல மணி நேரம் வேகவைத்துச் சாற்றை நீக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைவார்கள். பிரையர் எளிதில் தீப்பிடிக்காது; சூட்டையும் ஓரளவு தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் செயின்ட் குளோட் என்ற மலையூரில் இந்தத் தொழில் வேரூன்றியது.

வெள்ளையாக, எடை குறைவாக இருப்பது மீர்ஷாம். அது மரமல்ல, ஒரு கனிமம். துருக்கியின் எஸ்கிஷெகிர் வட்டாரம் அதற்குப் பேர்போனது. புழங்கப் புழங்க மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். மீர்ஷாமிலும் இரண்டு வகை உண்டு. முழுக் கட்டியைச் செதுக்கியது விலை கூடியது. செதுக்கும்போது விழும் தூளை அழுத்திச் செய்தது மலிவு. தூளில் செய்ததை முழுக் கட்டி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

சோளத் தக்கையை ஏளனம் செய்ய வேண்டாம்

கையில் காசு குறைவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது சோளத் தக்கையில் செய்த பைப். சோளம் உதிர்த்த பிறகு நாம் வீசுகிறோமே, அதே தக்கைதான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் என்ற சிற்றூரில் ‘மிசூரி மீர்ஷாம்’ நிறுவனம் 1869 முதல் இதைச் செய்து வருகிறது. நெதர்லாந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பி என்ற கடைசல்காரர் தொடங்கியது அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்கு எதிராகப் படை நடத்திய தளபதி டக்ளஸ் மெக்கார்தர் வாயில் தொங்கியதும் சோளத் தக்கை பைப்தான்.

அமெரிக்காவில் இதன் விலை சுமார் 10 டாலரிலிருந்து தொடங்குகிறது. பிரையர்போல் ஆயுசுக்கும் வராது என்றாலும் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வேலை செய்யும். இதே விலைக்குக் கிடைக்கும் பளபளப்பான மர பைப்பைவிட இது எவ்வளவோ மேல்.

காரணம், அந்த மலிவான மர பைப்புகளில் பல ஏதோ ஒரு மரத்தில் கடைந்து, அரக்கு வண்ணம் கனமாகப் பூசியவை. சூடு ஏறியதும் வண்ணம் கொப்பளித்து உரியும். கிண்ணத்தின் உள்பக்கமும் பளபளவென்று பூச்சு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். புகையிலையோடு அந்தப் பூச்சும் எரிந்து வாய்க்குள் போகும்.

‘எஸ்டேட் பைப்’ என்றால் என்ன?

பழைய பைப் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ‘எஸ்டேட் பைப்’. நம்மவர்கள் இதை ரப்பர் தோட்டத்தில் கிடைத்த பைப் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. இங்கே எஸ்டேட் என்பதற்கு ஒருவர் இறந்தபின் விட்டுச்செல்லும் சொத்து என்று பொருள். இன்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் எந்தப் பழைய பைப்பையும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனாலும் நம் தோட்டத்துக்கும் பைப்புக்கும் உண்மையான ஓர் உறவு இருக்கிறது. பழைய பைப்புகளின் கறுப்பு வாய்க்குழல் பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். ரப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துச் சூடாக்கினால் மரம்போல் இறுகிவிடும். அதுதான் வல்கனைட். பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் 1877இல் லண்டன் கியூ பூங்காவின் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தன, கோலகங்சாரிலும் நடப்பட்டன. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்புவதில் மலாயா முன்னணிக்கு வந்தது. விடியற்காலையில் நம் பாட்டன் பாட்டிகள் வெட்டிச் சேர்த்த பால், கப்பலேறிப் போய், ஏதோ ஒரு துரையின் பைப்பில் வாய்க்குழலாகத் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

வல்கனைட் வெயில் பட்டுக் கிடந்தால் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி, வாயில் வைத்தால் கந்தகம்போல் கசக்கும். அதைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் கறுப்பு திரும்பிவிடும். இந்தக் குறையைக் காட்டி விலையைக் குறைத்தும் கேட்கலாம். புதிய பைப்புகள் பலவற்றில் அக்ரிலிக் வாய்க்குழல் வருகிறது. அது நிறம் மாறாது. பல்லுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பினாங்கின் லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் என நம் நாட்டில் பழம்பொருள் தேட இடங்கள் உண்டு. சிங்கையில் புகழ்பெற்றிருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. எங்கே வாங்கினாலும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

முதலாவது, துளை. கிண்ணத்துக்குள் எட்டிப் பாருங்கள். புகை போகும் துளை அடிப்பகுதியில் நடுவாக இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தேங்கும். பைப் துடைக்கும் பஞ்சுக்கம்பி ஒன்றை வாய்க்குழல் வழியாக விடுங்கள். தடங்கல் இல்லாமல் கிண்ணம்வரை வந்தால் துளை நேராகக் குடையப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, கரி. பழைய பைப்பின் உள்ளே கரி படிந்திருக்கும். ஒரு நாணயத்தின் கனத்துக்கு இருந்தால் நல்லது. அது மரத்தைக் காக்கும். அதைவிடத் தடித்திருந்தால், சூட்டில் கரி விரியும்போது கிண்ணமே வெடித்துவிடலாம்.

மூன்றாவது, வெடிப்பும் எரிந்த தடமும். காம்பும் வாய்க்குழலும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். முடி அளவு கீறல் இருந்தாலும் நாளைக்கு அது பெரிதாகும். அந்த இடத்தில் பொருத்தமில்லாத உலோக வளையம் இருந்தால், கீறலை மறைக்கத்தான் மாட்டினார்களா என்று யோசியுங்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் கறுத்திருந்தால் உள்ளிருந்து எரிந்து வருகிறது என்று பொருள். விட்டுவிடுங்கள்.

நான்காவது, பல் தடம். வாய்க்குழலில் பல் பதிந்திருந்தால் சரிசெய்யலாம். ஓட்டை விழுந்திருந்தால் புதிய வாய்க்குழல் செய்ய வேண்டிவரும். அந்தச் செலவு பைப்பின் விலையைத் தாண்டிவிடும்.

ஐந்தாவது, கனம். கிண்ணத்தின் சுவர் தடிப்பாக, ஏறத்தாழ 6 மில்லிமீட்டராவது இருந்தால் கை சுடாது. முழு பைப்பும் 30 முதல் 50 கிராமுக்குள் இருந்தால் பல்லில் பிடிக்கச் சுகமாக இருக்கும்.

சொரசொரப்பில் மிச்சமாகும் காசு

மழமழப்பான பிரையர் பைப்பின் விலை ஏன் கூடுகிறது? மேற்பரப்பில் ஒரு குழிகூட இல்லாத கட்டை கிடைப்பது அரிது. சிறு குழி இருந்தால் மாவு வைத்து அடைப்பார்கள், அல்லது மணல் வீசியோ கொத்தியோ மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். உள்ளே இருப்பது அதே பிரையர்தான், புகை வருவதிலும் வேறுபாடு இல்லை. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு பைப்புகளில் சொரசொரப்பானதை எடுத்தால் காசு மிச்சம். வளைவு நெளிவு இல்லாத நேர் பைப்பைத் துடைப்பதும் எளிது.

பெயருக்கு மயங்க வேண்டாம். டன்ஹில் என்றால் நமக்குச் சிகரெட் பெட்டி. ஆனால், ஆல்பிரட் டன்ஹில் 1907இல் லண்டனில் திறந்த புகையிலைக் கடையிலிருந்து வளர்ந்த பெயர் அது. அவர்களுடைய பைப்பின் வாய்க்குழலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். வெள்ளைப் புள்ளி இருப்பதெல்லாம் டன்ஹில் ஆகிவிடாது. காம்பில் பொறித்த எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொத்தக் காசையும் ஒரே பைப்பில் போடவும் வேண்டாம். ஒருமுறை பிடித்த பைப் உலர ஒரு நாளாவது ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் பூசணம் பூக்கும். எனவே விலை கூடிய ஒன்றைவிட அளவான விலையில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் புழங்குவது புத்திசாலித்தனம். சூடு ஆறும்முன் வாய்க்குழலைக் கழற்றினால் காம்பு பிளந்துவிடும். புகையிலையை அமுக்கத் தனிக் கருவி தேவையில்லை, தலை தட்டையான பெரிய ஆணி போதும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ளது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. இணையத்தில் விற்பதும் குற்றம். ஆகவே, கைப்பேசியில் வரும் விற்பனை விளம்பரத்தை நம்பிக் காசு அனுப்பாதீர்கள். உணவகங்களில் புகைக்க 2019 முதலே தடை.

சிங்கப்பூரில் வயது வரம்பு 21. அங்கே புகையிலைக்கு வரிவிலக்கு அறவே இல்லை. ஜோகூர் பாலம் கடக்கும்போது ஒரு சிறு பொட்டலம் இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

தாத்தாவின் பைப் வீட்டில் இருந்தால்

விற்பதற்கு முன், தேய்த்துப் பளபளப்பாக்குவதற்கும் முன், காம்பில் உள்ள எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள். பலர் ஆர்வத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்த எழுத்தையே அழித்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயரும் நாடும் போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

காம்பில் வெள்ளி வளையம் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் அது இங்கிலாந்தில் சோதித்த ஸ்டெர்லிங் வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது. கூடவே இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். அந்த எழுத்தின் வடிவத்தை ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால், வளையம் எந்த ஆண்டில் முத்திரை பெற்றது என்று தெரிந்துவிடும்.

பிரையரைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். மீர்ஷாமை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலை தெரிந்த பிறகு விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். வைத்துக்கொள்வதானால், தாத்தா எந்தத் தோட்டத்தில் எந்த வேலை பார்த்தார், அந்தப் பைப் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.